கடனுக்கு முன்னால் காகிதம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் குடும்பங்களுக்குள் வீட்டுக் கடன் பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் வட்டியையே சுற்றிக்கொண்டிருக்கும். எந்த வங்கியில் கால் சதவீதம் குறைவு, எந்தக் கிளையில் சீக்கிரம் கையெழுத்தாகும், பிரதமர் திட்டத்தின் மானியம் நமக்கும் வருமா என்பவையே எல்லாரும் கேட்கும் கேள்விகள். சென்ற ஆண்டு நானும் என் கணவரும் சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சி எல்லைக்குள் ஐந்து சென்ட் இடத்தில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு தார்சு வீட்டை வாங்கினோம். வட்டி பற்றிய பேச்சு முழுவதையும் ஒரே பிற்பகலில் முடித்துவிட்டோம். மீதிக் காலமெல்லாம் காகிதங்களிலேயே சென்றது. அந்தக் காகிதங்களை எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சரிசெய்து கொடுத்தவர்கள், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் இலாப நோக்கமின்றி இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையினர். தங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்யும் வேலை என்ன என்பது எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவர் பொள்ளாச்சியில் ஒரு கயிறு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ்வழி வகுப்புகள் எடுக்கிறேன். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 45,000 ரூபாய்; வாடகை 6,000. சீட்டு ஒருமுறைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறோம். ஆனால் வங்கியில் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கியதில்லை. சீட்டுக் கட்டிய ஒழுங்கு, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரிவதில்லை. கடனே வாங்காமல் வாழ்ந்தவர்களுக்கு அந்த அறிக்கையில் மதிப்பெண்ணே இருக்காது. இருந்தால் அது 300-க்கும் 900-க்கும் இடையில் வரும் ஓர் எண். எங்கள் அறிக்கையில் எண்ணே இல்லை.

அறக்கட்டளையில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், ஓய்வுபெற்ற வில்லேஜ் ஆபீசர் ஒருவர், சித்தூர் நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞர் ஒருவர், இவர்களோடு மலையாளமும் தமிழும் ஒருங்கே படிக்கத் தெரிந்த சில இளைஞர்கள். சனிக்கிழமை பிற்பகலில் ஒரு வாசகசாலையின் பின்னறையில் கூடுவார்கள். கட்டணம் கிடையாது. கடனும் அவர்கள் கொடுப்பதில்லை. கடனை வங்கிதான் கொடுக்கும். பத்திரப் பதிவுச் செலவுக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய் வரை வட்டியில்லாமல் கைமாற்றாகத் தருகிறார்கள். 24 மாதங்களில் திருப்பித் தந்தால் அது அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

சேர்ந்தவுடன் அவர்கள் வைக்கும் நிபந்தனை கடுமையாகத் தோன்றலாம். வீட்டைத் தேடுவதற்கு முன்பே, வாங்கப்போகும் கடனின் மாதத் தவணையைக் கணக்கிட்டு, அதற்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் ஒரு தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். எங்களுக்கு உத்தேசித்த தவணை ஏறக்குறைய 14,000, வாடகை 6,000, ஆகவே மாதம் 8,000 ரூபாயைச் செலவுக்கு எடுக்காமல் வைத்துக் காட்டச் சொன்னார்கள். இந்த முறையை அமெரிக்காவில் 1988-இல் பாஸ்டன் நகரில் தொடங்கப்பட்ட நாகா என்ற இலாப நோக்கற்ற அமைப்பிடமிருந்து எடுத்துக்கொண்டதாக மேலாளர் சொன்னார். அந்த அமைப்பு கடன் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. ஒருவர் வாடகையையும் மற்றக் கட்டணங்களையும் ஒழுங்காகக் கட்டி வருகிறாரா, வாடகைக்கும் வரப்போகும் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தை முன்கூட்டியே சேமித்துக் காட்டுகிறாரா என்று பார்த்து, வீடு வாங்குவோரைத் தன்னோடு ஒப்பந்தம் உள்ள வங்கியிடம் அனுப்புகிறது. நம் ஊரில் அப்படி ஒப்பந்தம் உள்ள வங்கி எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தத் தனிக் கணக்கின் பாஸ்புக்கை விண்ணப்பத்தோடு இணைத்தபோது, மதிப்பெண் இல்லாத எங்களைப் பற்றிச் சொல்ல வங்கி அதிகாரிக்கு ஏதோ ஒன்று கையில் கிடைத்தது. அதைவிடப் பெரிய பயன் எங்களுக்கே. பள்ளிக் கட்டணமும் தீபாவளியும் ஒரே காலத்தில் வந்த மாதத்தில்கூட அந்த 8,000 ரூபாயைத் தொடாமல் இருந்த பிறகுதான், இருபது ஆண்டுத் தவணை எங்களால் முடியும் என்று நாங்கள் நம்பினோம்.

அடுத்தது கைப்பணக் கணக்கு. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. இதைக் கேட்டவுடன் பத்து சதவீதம் கையில் இருந்தால் போதும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இந்தச் செலவை வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் தர முடியாது. அதோடு வங்கி பார்ப்பது நாம் பேசி முடித்த விலையை மட்டுமன்று. தன் மதிப்பீட்டாளர் போட்ட தொகையையும் பார்த்து, இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்கிறது. நாங்கள் பேசிய விலை 21 லட்சம். மதிப்பீடு 19 லட்சம். கிடைத்த கடன் 17 லட்சம். மீதி நான்கு லட்சமும், பதிவுக்கு 2,10,000 ரூபாயும், ஆதாரம் (இங்கே பத்திரத்துக்கு அதுதான் பெயர்) எழுதுபவர் கூலி, வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீட்டுக் கட்டணம் ஆகியவையும் எங்கள் கையிலிருந்து போயின. சீட்டுப் பணமும், என் நகையில் ஒரு பகுதியும், அறக்கட்டளையின் ஒரு லட்சமும் சேர்ந்துதான் அதை ஈடுகட்டின. கைப்பணத்தைத் திரட்ட முடியாத குடும்பத்துக்கு வட்டி மானியம் எட்டாது என்பதைத் திட்டத்தை வடிவமைப்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மானியத்தைப் பற்றி: பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதிக்கப்பட்டு வழங்கப்படும் கடன்களுக்கு வட்டி மானியம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ஒன்பது லட்சத்துக்குள்ளும், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும், கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கடனின் முதல் எட்டு லட்சத்துக்கு, அதிகபட்சம் 12 ஆண்டுக் காலத்துக்கு, 4 சதவீத மானியம் கணக்கிடப்படுகிறது. அது மொத்தமாக வருவதில்லை. அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. அதாவது ஆண்டுக்கு 36,000. ஒவ்வொரு முறையும் கடன் நடப்பில் இருக்க வேண்டும். அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். 17 லட்சம் கடனுக்கு 8 சதவீத வட்டியில், இருபது ஆண்டுகளுக்கு, மாதத் தவணை 14,219 ரூபாய். மொத்தமாகக் கட்டப்போவது 34 லட்சத்துக்கும் மேல். மானியத் தொகையையும் இந்த மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், மானியம் நல்ல உதவிதான், ஆனால் அதை நம்பி வீட்டின் விலையை உயர்த்திக்கொள்ளக் கூடாது என்பது விளங்கும். மாதத் தவணை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. தாண்டினால் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப மாட்டார்கள்.

இந்தத் திட்டத்தில் விண்ணப்பிப்பவரின் குடும்பத்துக்கு இந்தியாவில் எங்கும் சொந்தமாக நிலையான வீடு இருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். இந்த வரியில்தான் எங்களுக்குப் பெரிய கேள்வி எழுந்தது. என் மாமனார் காலமானபோது பொள்ளாச்சியில் அவர் கட்டிய வீடு அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. அங்கே மாமியாரும், அவரைப் பார்த்துக்கொள்ளும் என் நாத்தனாரும் இருக்கிறார்கள். வாரிசு என்ற முறையில் என் கணவருக்கும் அதில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. அது தனி வீடு ஆகாது, யாரும் கேட்க மாட்டார்கள், கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று தெரிந்தவர்கள் பலர் சொன்னார்கள். வழக்கறிஞர் ஒத்துக்கொள்ளவில்லை. “உறுதிமொழிப் பத்திரத்துல நீங்க எழுதறது உண்மையா இருக்கணும்மா. யார் கேட்டாலும் கேக்காட்டியும் அதுதான் கணக்கு” என்றார்.

அந்தப் பங்கைத் தங்கைக்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் கணவரின் மனத்தில் வெகுநாளாக இருந்த எண்ணம்தான். இருந்தும் பொள்ளாச்சி சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் விரல் ரேகை வைத்துவிட்டு வந்த அன்று அவர் இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தவர்களில் பன்னிரண்டு வயதில் அவரும் ஒருவர். ஒரு மானிய விண்ணப்பத்தின் ஒற்றை வரிக்குள் இவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது விண்ணப்பத்தை அச்சிட்டவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இனி வீட்டைப் பற்றி. முதலில் நாங்கள் பார்த்தது வேறு வீடு; விலையும் குறைவு, பள்ளிக்கும் பக்கம். முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டோம். நிலவரி கட்டியதற்கான கரம் ரசீதின் நகலை மட்டும் வாங்கி வரச் சொன்ன வில்லேஜ் ஆபீசர், அதைப் பார்த்த மாத்திரத்தில், “வீடு நிக்கறது நெசந்தான், ரெக்கார்டுல இன்னும் வயலாத்தான் கெடக்குது” என்றார். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நெல்வயல்களின் பட்டியலான டேட்டா பேங்க்கில் உள்ள இடத்தைச் சாதாரணமாக வீட்டுமனையாக மாற்ற முடியாது. தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தால் வருவாய்க் கோட்ட அலுவலரான ஆர்.டி.ஓ.விடம் ஐந்தாம் எண் படிவத்தில் விண்ணப்பித்து நீக்க வேண்டும். பட்டியலில் இல்லாமல், வருவாய்ப் பதிவேட்டில் மட்டும் வயல் என்று இருந்தால், ஐம்பது சென்ட் வரையிலான இடத்துக்கு ஆறாம் எண் படிவத்தில் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கள ஆய்வு, அறிக்கை, உத்தரவு, அதன் பிறகு வில்லேஜ் ஆபீசில் பதிவுத் திருத்தம் என்று அது நீண்டுகொண்டே போகும். விற்பவர் அதைச் செய்து முடித்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பாலக்காட்டு வயல்களின் நடுவே மலிவாக விற்கப்படும் மனைகளைப் பார்த்து வேலந்தாவளம் பக்கத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வருகிற தமிழ்க் குடும்பங்கள், தமிழ்நாட்டுப் பட்டாவைப் படித்த பழக்கத்தில் இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் முன்பணம் கொடுத்துவிடுகின்றன. வாங்க வேண்டாம் என்று சொல்வதற்கு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை அன்றுதான் அறிந்தேன். தரகரும் விற்பவரும் கடன் முகவரும் அதைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் வருமானம் நாம் வாங்குவதில்தான் இருக்கிறது.

இரண்டாவதாகப் பார்த்த வீடுதான் இப்போது எங்களுடையது. விற்றவர் ஒரு முதிய அம்மா. மகன் திருப்பூரில் இருப்பதால் அங்கே போய்விட முடிவு செய்திருந்தார். ஒரு தகரப் பெட்டியில் காகிதங்களை அடுக்கி வைத்திருந்தார். மேலாக 1988-ஆம் ஆண்டின் ஆதாரம். அதற்குக் கீழே முன்னாதாரம், அதாவது அதற்கு முந்தைய பத்திரம். அடியில், மடித்த இடத்தில் கிழிந்து செலோடேப் ஒட்டிய பட்டயம். சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த பகுதி. குத்தகைக்குப் பயிரிட்டவர்களுக்கு நிலம் சொந்தமாகும்படி கேரள நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, நிலத் தீர்ப்பாயம் கொடுத்த சான்றிதழ்தான் இங்கே பல சொத்துக்களுக்கு மூலம். வங்கியின் வழக்கறிஞர் கேட்கும் முதல் காகிதமும் அதுவாகவே இருக்கும். கிழிந்திருந்தாலும் எண்ணும் முத்திரையும் தெளிவாக இருந்ததால் எங்களுக்குக் கவலை தீர்ந்தது.

சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருந்தது. ஆதாரத்தில் ஐந்து சென்ட். கரம் ரசீதில் 1.94 ஆர். ஒரு சென்ட் 0.4047 ஆர் என்பதால் அது ஏறக்குறைய 4.8 சென்ட். மறு அளவையில் குறைந்திருக்கிறது. வங்கி குறைந்த அளவையே ஏற்கும்; ஆகவே விலையிலும் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்; 21 லட்சம் என்பது அப்படிக் குறைந்து வந்த விலை. மற்றொன்று வில்லங்கச் சான்றில் இருந்த கஹான். கூட்டுறவுச் சங்கத்தில் நிலத்தை வைத்துக் கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்படும் பொறுப்பு அது. அந்த அம்மா கடனை எப்போதோ அடைத்துவிட்டார்.

“ரசீது பத்திரமா இருக்குதே கண்ணு, இன்னும் என்ன?” என்று கேட்டார்.

ரசீது கடன் தீர்ந்ததற்குச் சான்று. சொத்தின் மேலுள்ள பொறுப்பு நீங்க வேண்டுமானால் சங்கம் கஹான் ரிலீஸ் கொடுத்து அது பதிவாக வேண்டும். அறக்கட்டளை இளைஞர் ஒருவர் அந்த அம்மாவைத் தம் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போய்வந்தார். பழைய லெட்ஜரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு செயலாளர்கள் மாறிவிட்டார்கள். வில்லங்கச் சான்றில் அந்தப் பொறுப்பு நீங்கிய பின்புதான் வங்கியின் வழக்கறிஞர் கோப்பைத் தொட்டார். இதோடு, 1988-ஆம் ஆண்டு ஆதாரத்தில் வீட்டுப்பெயரோடும் ஆதார் அட்டையில் தந்தையின் இனிஷியலோடும் இருந்த அந்த அம்மாவின் பெயருக்கு, இரண்டும் ஒருவரே என்ற சான்றிதழை அரசின் இணையச் சேவை நிலையமான அக்ஷயா மையத்தின் வழியாக விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீசிலிருந்து பெற வேண்டியிருந்தது. எல்லைப்புறத் தமிழர்களில் பலருக்கு இந்தச் சான்றிதழ் தேவைப்படும். வீடு தேடத் தொடங்கும்போதே எல்லாருடைய பெயர்களையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் உள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தத்தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்று 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. ஆனால் எங்கள் ஆதாரம் எழுதப்பட்டது மலையாளத்தில். வங்கிப் படிவங்கள் இருந்தது மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். கடன் விஷயத்தில் இன்னொரு வழி இருப்பதை மேலாளர்தான் காட்டினார். 2024 அக்டோபர் 1 முதல், புதிதாக வழங்கும் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் முக்கிய விவரங்களின் அறிக்கை ஒன்றை வங்கி கொடுத்தாக வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீதம் அதில் இருக்கும். அதில் சொல்லாத கட்டணத்தை நம் சம்மதமின்றி வசூலிக்க முடியாது. படித்துப் பார்க்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசமும் உண்டு. நாங்கள் எழுத்துமூலம் தமிழில் கேட்டோம். கிளை அலுவலர் முதலில் தயங்கினாலும், பொள்ளாச்சிக் கிளையிலிருந்து தமிழ்ப் படிவத்தை வரவழைத்து நிரப்பிக் கொடுத்தார். அதைத் தமிழில் படித்தபோதுதான், ஒற்றைத் தவணையில் கட்டும் காப்பீட்டுப் பிரீமியம் ஒன்று கடனோடு சேர்க்கப்பட்டிருந்தது கண்ணில் பட்டது. அது கட்டாயம் இல்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, அதை நீக்கச் சொல்லிவிட்டு, கணவர் பெயரில் தனியாக ஓர் ஆயுள் காப்பீடு எடுத்துக்கொண்டோம். கேட்டதும் நீக்கிவிட்டார்கள், கேட்காமல் இருந்திருந்தால் இருபது ஆண்டுகள் அதற்கும் வட்டி கட்டியிருப்போம்.

பதிவுக்கு முந்தின சனிக்கிழமை வாசகசாலையில் வரைவு ஆதாரத்தை ஓர் இளைஞர் மலையாளத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று உரக்கப் படித்தார். நான்கு எல்லைகளையும், சர்வே எண்ணையும், வருவாய்ப் பதிவேட்டில் நில உரிமையாளருக்கு உரிய தண்டப்பேர் எண்ணையும், விலையை எழுத்தாலும் எண்ணாலும் நாங்கள் ஒப்பிட்டோம். மேற்கு எல்லையில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயருக்குப் பதில் அவர் இறந்துபோன அண்ணனின் பெயர் இருந்தது, திருத்தினோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றும் போக்குவரவு முடிந்து புதிய கரம் ரசீது எங்கள் இருவர் பெயரிலும் வந்துவிட்டது. மானியத்தின் முதல் தவணை இன்னும் வரவில்லை. ஆவணங்கள் ஏற்கப்பட்டதற்கான செய்தி மட்டும் வந்திருக்கிறது.

வங்கியிடம் ஒப்படைத்த அசல் ஆவணங்களின் பட்டியலை, பக்க எண்ணிக்கையோடு, முத்திரையிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் அவற்றை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் பக்கத்துத் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். எதை ஒப்படைத்தோம் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் அந்த விதியைக் காட்டிக் கேட்க முடியாது.

அறக்கட்டளைக்கு இப்போது தேவைப்படுவது பணத்தைவிட ஆட்கள். மலையாளத்தில் எழுதிய ஆதாரத்தைத் தமிழில் பிழையில்லாமல் படித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருவர் மூவரே இருக்கிறார்கள். காத்திருக்கும் குடும்பங்களோ அதிகம். கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்களில் இரண்டு மொழியும் அறிந்த, மாதத்தில் ஒரு சனிக்கிழமையையாவது கொடுக்க முடிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அழைத்துப்போய் அறிமுகம் செய்து வைக்கிறேன்.